ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் சார்பில்லாதவையா? மகளின் கணக்கில் ஒரு சந்தேகம்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு சின்னக் கணக்கில் இருவரும் மாட்டிக்கொண்டோம். கணக்கு இதுதான்:

அ, ஆ இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். அ-வின் நிகழ்தகவு 0.3, ஆ-வின் நிகழ்தகவு 0.4. அ அல்லது ஆ நிகழ்வதற்கான நிகழ்தகவு என்ன?

அவள் போட்டது: 0.3 + 0.4 − (0.3 × 0.4) = 0.58. விடைப் பக்கத்தில் 0.7 என்று இருக்கிறது. ஏன் பெருக்கிக் கழித்தாய் என்று கேட்டேன். "ரெண்டும் தனித்தனியா இருக்குப்பா. ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல. அப்போ சார்பில்லாததுதானே? சார்பில்லைன்னா பெருக்கணும்" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடையில் வாங்கிய ஒரு கைடிலும் "ஒன்றையொன்று விலக்குவதால் இவை தொடர்பற்றவை" என்று ஒரு வரி இருக்கிறது. அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பி.காம். முடித்து இருபது வருடம் ஆகிவிட்டது. சூத்திரம் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு வேண்டியது ஏன் என்பது.

மூன்றாம்பெஞ்சு:

0.7 சரி. கூட்டல் தேற்றம் என்ன சொல்கிறது? அ-வையும் ஆ-வையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து நிகழும் பகுதியைக் கழி. அந்தப் பகுதி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும், அதனால்தான் கழிக்கிறோம். விலக்கும் நிகழ்ச்சிகளில் சேர்ந்து நிகழும் பகுதி 0, கழிக்க ஒன்றும் இல்லை. மகள் அதை 0.12 என்று எடுத்திருக்கிறார். சேரவே சேராது என்று அவரே சொல்லிவிட்டு, 0.12 அளவுக்குச் சேர்கிறது என்று கணக்கும் போட்டிருக்கிறார்.

வைகைக்கரை:

நன்றி. விடை எப்படி வந்தது என்று புரிகிறது. ஆனால் முள் இன்னும் உறுத்துகிறது. சந்திக்கவே சந்திக்காத இரண்டு எப்படி "ஒன்றையொன்று சார்ந்தவை" ஆகும்?

சாக்பீஸ்:

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. 30 வருடம் இந்தப் பாடம் எடுத்திருக்கிறேன். வகுப்புக்குப் பத்துப் பேராவது இதே இடத்தில்தான் சறுக்குவார்கள். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை, நாம் கரும்பலகையில் வரையும் வட்டங்கள் மேல். விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு இரண்டு வட்டங்களைத் தள்ளித் தள்ளிப் போடுகிறோம். பார்க்கிறவர்களுக்கு "இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றே படும்.

சொல்லையே பாருங்கள். விலக்குதல் என்பது ஒன்று இன்னொன்றின் மேல் செய்கிற வேலை. நான் வந்தால் நீ வரக்கூடாது என்று தடுப்பதே ஒரு உறவு. ஊரில் இரண்டு பேருக்கு ஏழாம் பொருத்தம் என்று வையுங்கள். இவர் வருகிற கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார். இருவரையும் சேர்த்துப் பார்க்கவே முடியாது. அதற்காக அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களா? இவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தாலே, அவர் இங்கே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடலாமே. முன்பின் தெரியாத இரண்டு பேர் என்றால் கதை வேறு. ஒருவர் வந்திருப்பதை வைத்து மற்றவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள்தான் சார்பில்லாதவர்கள். அப்படிப்பட்ட இருவர் சில கல்யாணங்களில் ஒரே பந்தியிலும் உட்காருவார்கள்.

மகளிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "அ நடந்துவிட்டது" என்று யாரோ காதில் சொன்னால், ஆ பற்றிய என் கணிப்பு மாறுமா? மாறினால் சார்ந்தவை, மாறாவிட்டால் சார்பில்லாதவை. உங்கள் கணக்கில் ஆ-வுக்கு 0.4 இருந்தது. அ நடந்தது என்று கேட்ட அடுத்த நொடி அது 0 ஆகிவிடுகிறது. இதைவிடப் பெரிய மாற்றம் என்ன வேண்டும்?

எண்ணால் பார்த்தாலும் அதேதான். சார்பில்லாதவை என்றால் சேர்ந்து நிகழும் நிகழ்தகவு 0.3 × 0.4 = 0.12 ஆக இருக்க வேண்டும். விலக்குபவை என்றால் அது 0 ஆக இருக்க வேண்டும். ஒரே எண் 0.12 ஆகவும் 0 ஆகவும் இருக்க முடியாது. இரண்டில் ஒன்றின் நிகழ்தகவே 0 என்றால் மட்டும்தான் இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிற்கும். நிகழக்கூடிய எந்த இரண்டு நிகழ்ச்சிக்கும் நிற்காது. அந்தக் கைடு வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

மூன்றாம்பெஞ்சு:

சாக்பீஸ் ஐயா, ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சார்பின்மை என்றாலே இரண்டு நாணயம், இரண்டு பகடை என்று தனித்தனிப் பொருள்கள் வேண்டும் என்று பல பேர் நினைக்கிறார்கள். ஒரே பகடையின் ஒரே வீச்சிலும் வரும். இரட்டை எண் விழுவது ஒரு நிகழ்ச்சி (2, 4, 6). 1 அல்லது 2 விழுவது இன்னொன்று. இரண்டும் சேர்வது 2 விழும்போது மட்டும், அதாவது 1/6. தனித்தனியே 1/2, 1/3. பெருக்கினால் அதே 1/6. சார்பில்லாதவை.

இரண்டாவதை மட்டும் 1, 2 அல்லது 3 என்று மாற்றுங்கள். சேர்வது இன்னமும் 1/6-தான். ஆனால் 1/2 × 1/2 = 1/4. சார்பின்மை போய்விட்டது. ஒரே ஒரு எண்ணைச் சேர்த்ததில் போனது.

சீட்டுக்கட்டும் இப்படித்தான். 52 சீட்டில் ஒன்றை உருவினால், ராஜா வருவது 4/52, ஹார்ட் வருவது 13/52, ஹார்ட் ராஜா 1/52. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். இப்போது ரம்மிக்குப் போடுகிற மாதிரி ஒரு ஜோக்கரைக் கட்டில் செருகுங்கள், 53 சீட்டு. ஹார்ட் ராஜா 1/53, அதாவது 53/2809. பெருக்கினால் (4/53) × (13/53) = 52/2809. ஒரு ஜோக்கர் நுழைந்ததும் ராஜாவும் ஹார்ட்டும் சார்ந்தவை ஆகிவிட்டன. எனக்கு இது கல்லூரியில்தான் புரிந்தது. கண்ணால் பார்த்து சார்பின்மையைச் சொல்ல முடியாது, பெருக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மலையேறியகாய்:

ஐயா, அண்ணா, வட்டத்தை விட்டுவிட்டுக் கட்டம் போட்டால் இரண்டும் ஒரே படத்தில் தெரியும். அதற்குத் தாயக்கட்டையே போதும். எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு முழுக்கத் தாயம்தான். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, அப்புறம் புள்ளி இல்லாத வெறும் முகம். வெறும் முகத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று வெறுமை, ஒன்றில் ஒரு புள்ளி என்றால் தாயம் (கீழே 1 என்று போட்டிருப்பது). மற்றபடி கூட்டல்தான்.

முதல் கட்டை 0: 12, 1, 2, 3
முதல் கட்டை 1: 1, 2, 3, 4
முதல் கட்டை 2: 2, 3, 4, 5
முதல் கட்டை 3: 3, 4, 5, 6

(ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாக, இரண்டாம் கட்டை 0, 1, 2, 3 காட்டும்போது கிடைப்பது.)

மொத்தம் 16 கட்டம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. 16 எங்கிருந்து வந்தது? 4 × 4. ஒரு கட்டை எப்படி விழுந்தது என்பது மற்றதைத் தொடுவதில்லை என்பதால்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் 1/4 × 1/4 என்று கொடுக்கிறோம். நிரையும் நிரலும் குறுக்கே வெட்டிக்கொள்வதுதான் சார்பின்மை.

விலக்குவது எங்கே? சாய்வாகப் பாருங்கள். தாயம் ஒரு சாய்வுக் கோடு, 2 விழுவது அடுத்த சாய்வுக் கோடு. இரண்டு கோடும் எந்தக் கட்டத்திலும் சந்திக்காது. ஒரே வீச்சில் தாயமும் விழுந்து இரண்டும் விழ வழியே இல்லை. அதனால் இங்கே கூட்டலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி ஆட்டம் உண்டே, அதற்கு 2/16 + 2/16 + 1/16 + 1/16 = 6/16. எட்டு வீச்சுக்கு மூன்று என்ற கணக்கு.

இந்தக் கட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 3 விழுவது. அது நான்கு வரியிலும் சரியாக ஒருமுறை இருக்கிறது. முதல் கட்டை நின்றுவிட்டது, இரண்டாவது இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது என்று வையுங்கள். முதல் கட்டையில் எது வந்திருந்தாலும் 3 விழ வாய்ப்பு 1/4-தான். பார்ப்பதற்கு முன்னும் 4/16 = 1/4-தான். முதல் கட்டை விழுவதும் மொத்தம் 3 ஆவதும் சார்பில்லாதவை! தாயத்துக்கு அப்படி இல்லை. முதல் கட்டையில் வெறுமை என்றால் 1/8 என்பது 1/4 ஆகிவிடும். மூன்று புள்ளி என்றால் 0. அந்தத் தருணத்தில் எல்லோரும் இரண்டாம் கட்டையையே உற்றுப் பார்ப்பது இதனால்தான்.

சாக்பீஸ்:

மலையேறியகாய், இதை என் வகுப்பில் போட்டிருக்கலாமே என்று ஏக்கமாக இருக்கிறது. அருமை.

புதுவரவு:

எனக்கு ஒரு சந்தேகம். தாயம் விழாமல் காய் இறக்க முடியாது. ஒரு வீச்சில் தாயம் 1/8 என்றால் எட்டு வீச்சில் 8 × 1/8 = 1, அதாவது கட்டாயம் விழ வேண்டும் அல்லவா? ஆனால் பத்துப் பன்னிரண்டு வீச்சு வரை காய் இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

மூன்றாம்பெஞ்சு:

நீங்கள் கூட்டியது விலக்கும் நிகழ்ச்சிகளுக்கான முறை. "முதல் வீச்சில் தாயம்", "இரண்டாம் வீச்சில் தாயம்" இரண்டும் விலக்குபவை இல்லை. இரண்டிலும் விழலாம். அப்படி விழுவதையெல்லாம் பலமுறை எண்ணிவிட்டீர்கள். ஒன்பது வீச்சு என்றால் உங்கள் முறையில் 9/8 வந்துவிடும், 1-ஐத் தாண்டி நிகழ்தகவு கிடையாது.

வீச்சுகள் சார்பில்லாதவை என்பதால் பெருக்குங்கள், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. ஒரு வீச்சில் தாயம் விழாமல் இருக்க 7/8. எட்டிலும் விழாமல் இருக்க 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் சுமார் 0.34. ஆக எட்டு வீச்சில் ஒரு தாயமாவது விழ சுமார் 0.66. மூன்று ஆட்டத்துக்கு ஒன்றில் எட்டு வீச்சு தாண்டியும் காய் வெளியேதான் கிடக்கும். பத்து வீச்சு கிடக்க 0.26.

சாக்பீஸ்:

புதுவரவு அவர்களே, இதே இடத்தில் தடுமாறிய ஒருவரால்தான் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கே ஒரு நல்ல தொடக்கம் கிடைத்தது. பிரான்சில் டி மேரே என்று ஒருவர், சூதாட்டம் நன்றாகத் தெரிந்தவர். ஒரு பகடையை நான்கு முறை வீசினால் ஒருமுறையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். இரண்டு பகடையை 24 முறை வீசினால் ஒருமுறையாவது இரட்டை ஆறு விழும் என்று கட்டினால் நஷ்டம். 4-க்கு 6 எப்படியோ, 24-க்கு 36 அப்படித்தானே, பிறகு ஏன் இது இடிக்கிறது என்பது அவர் குழப்பம். கணித அறிஞர் பாஸ்கல் 1654 ஜூலையில் இன்னொரு கணித அறிஞர் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கதை இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நான்கு வீச்சிலும் ஆறு விழாமல் இருக்க 625/1296, ஆக விழ 671/1296, பாதிக்குக் கொஞ்சம் மேல், 0.518. இரட்டை ஆறுக்கு 35/36-ஐ 24 முறை பெருக்கி 1-இலிருந்து கழித்தால் 0.491, பாதிக்குக் கீழ். 0.518-க்கும் 0.491-க்கும் உள்ள வித்தியாசம் விகிதம் பார்த்துக் கூட்டினால் தெரியவே தெரியாது.

கிணத்துமேடு:

நான் படித்தது பத்தாவது வரைதான். விவசாயம். நீங்கள் எல்லோரும் விலக்குவதைச் சார்பின்மை என்று நினைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு நஷ்டம் வந்தது இன்னொரு பக்கத்திலிருந்து, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிணற்றில் ஒரு மோட்டார், போர்வெல்லில் ஒரு மோட்டார். இரண்டும் மூன்று பேஸ். ஒரு போகத்தில் ஒரு மோட்டார் காயில் போவதற்குப் பத்தில் ஒன்று என்று என் அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இரண்டு மோட்டாரும் ஒன்றாகப் போவதற்கு நூறில் ஒன்று, அதனால் தண்ணீருக்குக் கவலையில்லை என்று நம்பி நெல் நட்டேன். ஒரு ராத்திரி ஒரு பேஸ் போய்விட்டது. இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன, மீதி இரண்டு பேஸில் இழுத்து இழுத்து ஒரே ராத்திரியில் இரண்டு காயிலும் கருகிவிட்டன. காயில் கட்டி வர ஒன்பது நாள். பயிர் அப்போது பால் பிடிக்கிற நேரம்.

ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்குகிற இரண்டு மோட்டாரை எப்படித் தனித்தனி என்று நினைத்தேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். இப்போது இரண்டிலும் ஸ்டார்ட்டரோடு பேஸ் போனால் நிறுத்துகிற கருவி போட்டிருக்கிறேன்.

சாக்பீஸ்:

ஐயா, பாடப்புத்தகம் "அ, ஆ சார்பில்லாதவை எனில்" என்று கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறது. வயலில் அந்த "எனில்" யாரும் கொடுப்பதில்லை. நாமேதான் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் பதிவு இந்த இழையில் இருக்கட்டும், பிள்ளைகள் படிக்கட்டும்.

நிறைகோல்:

கிணத்துமேடு ஐயா சொன்ன அதே தவறு இங்கிலாந்தில் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பிய வழக்கில் வந்தது. சாலி கிளார்க் என்பவரின் இரண்டு கைக்குழந்தைகள், ஒன்று 1996-லும் இன்னொன்று 1998-லும், திடீரென்று இறந்தன. அவர் மேல் கொலை வழக்கு. அரசுத் தரப்புச் சாட்சியான குழந்தை மருத்துவர் ராய் மெடோ, இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பது 8543-இல் ஒன்று, அதை அதே எண்ணால் பெருக்கினால் இரண்டு குழந்தைகள் இறப்பது சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். 1999-இல் ஆயுள் தண்டனை.

பெருக்கியதுதான் தவறு. இருவரும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள், ஒரே வீடு, மரபணுக்களிலும் பாதியளவு பொது. முதல் குழந்தை அப்படி இறந்திருந்தால் இரண்டாவதற்கான வாய்ப்பு மாறாமல் அதே 8543-இல் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. சாக்பீஸ் ஐயா சொன்ன "காதில் சொன்னால் மாறுமா" கேள்வியை அந்த நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் சங்கம் 2001 அக்டோபரில் அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. 2003 ஜனவரியில் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. அதற்கு முதன்மைக் காரணம், இரண்டாம் குழந்தையின் கிருமிப் பரிசோதனை முடிவுகள் எதிர்த்தரப்புக்குக் காட்டப்படாமல் இருந்தது வெளியே வந்ததுதான். ஆனாலும் அந்த 7 கோடி எண்ணைச் சபையில் சொல்லியிருக்கவே கூடாது என்பதும் தெளிவாகிவிட்டது. அவர் 2007-இல் இறந்துபோனார். இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து, யாராவது இரண்டு நிகழ்தகவைச் சட்டென்று பெருக்கினால் எனக்குப் பதறுகிறது.

மூன்றாம்பெஞ்சு:

மலையேறியகாய் கட்டத்தில் இன்னொன்று கவனித்தேன். "முதல் கட்டை 1", "இரண்டாம் கட்டை 2", "மொத்தம் 3" என்று மூன்று நிகழ்ச்சி எடுத்தால், எந்த இரண்டை எடுத்தாலும் சேர்ந்து நிகழ 1/16, அதாவது 1/4 × 1/4. சோடி சோடியாகச் சார்பில்லாதவை. ஆனால் மூன்றும் சேர்ந்து நிகழ்வதும் 1/16-தான், பெருக்கினால் வர வேண்டியது 1/64. சரிதானே?

மலையேறியகாய்:

சரிதான் அண்ணா. முதல் இரண்டும் தெரிந்தால் மூன்றாவது தானாகத் தெரிந்துவிடுகிறதே. அதனால்தான் மூன்று நிகழ்ச்சி என்றால் சோடிகளையும் பார்க்க வேண்டும், மூன்றையும் சேர்த்தும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஏழாம் பொருத்தம் கதையைச் சொன்னதும் அவளுக்குப் பளிச்சென்று பட்டுவிட்டது. எங்கள் சொந்தத்திலேயே அப்படி இருவர் இருக்கிறார்கள், அவர்கள் பெயரைப் போட்டே விளக்கினாள்.

தாயக்கட்டத்தில் மட்டும் ஒரு சண்டை. வெறுமை–ஒன்று, ஒன்று–வெறுமை இரண்டும் ஒரே தாயம்தானே, ஏன் இரண்டு தடவை எண்ண வேண்டும் என்று பிடிவாதம். அவள் எண்ணிக்கையில் 16 இல்லை, 10. பரணில் இருந்த அம்மாவின் கட்டைகளை எடுத்து, ஒன்றின் முனையில் அவளுடைய சிவப்பு நகப்பாலிஷைப் பூசிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து 160 முறை உருட்டினோம். நான் உருட்ட, அவள் நோட்டில் கோடு போட்டாள்.

தாயம் 23 முறை. அதில் சிவப்புக் கட்டை வெறுமையாக விழுந்தது 11, ஒரு புள்ளி காட்டியது 12. பன்னிரண்டு விழுந்தது 9 முறை. நோட்டைத் திருப்பிக் காட்டி, "அப்பா, பன்னிரண்டுக்கு ஒரு வழி, தாயத்துக்கு ரெண்டு வழி" என்றாள். இப்போது பாட்டியை உட்கார வைத்து அடுத்த 160-க்கு ஆரம்பித்திருக்கிறார்கள்.